மற்றவர் மனதை அறியாத பிள்ளைக்குத் தன் மனது தெரியாதா?

ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பார்த்து, "இவருக்கு ஒன்றும் விளங்காது, உணர்வும் இல்லை" என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அறிவியலும் ஒரு காலத்தில் இதற்குக் கிட்டவான ஒரு கேள்வியைக் கேட்டது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் பிரீமக்கும் வுட்ரஃபும், மற்றவரின் எண்ணத்தை சிம்பன்சியால் அறிய முடியுமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். 1983இல் விம்மர், பெர்னர் இருவரும் அதே கேள்வியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். ஒரு சிறுவன் சொக்லேட்டை ஒரு அலுமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாத நேரம் உம்மா அதை வேறு அலுமாரிக்கு மாற்றுகிறார். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மிகச் சிறிய பிள்ளைகள் சொக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள்.

1985இல் லண்டனில் பரன் கோஹன், லெஸ்லி, ஃபிரித் மூவரும் பொம்மைகளை வைத்து இதே போன்ற சோதனையைச் செய்தார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். ஓட்டிசம் உள்ள 20 பேரில் 4 பேர்தான் சரியாகச் சொன்னார்கள்.

1999இல் ஃபிரித்தும் ஹாப்பேயும் ஒரு படி மேலே போனார்கள். மற்றவர் மனதை அறியும் திறனால்தான் நாம் நமது மனதையும் அறிகிறோம் என்றால், இந்தப் பிள்ளைகளின் தன்னுணர்வும் வேறு மாதிரி இருக்குமா என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். "நான் இப்படி நினைக்கிறேன்" என்று அறிவது ஒன்று. வலி, பயம், சந்தோஷம் உணர்வது இன்னொன்று. அலுமாரிக் கேள்வியில் மூன்று வயதுப் பிள்ளையும்தான் பிழைவிடுகிறது. அதற்காக அதற்கு வலிக்காது என்று எந்த உம்மா சொல்வார்? பேச்சு வளம் கூடிய ஓட்டிசப் பிள்ளைகள் பலர் இந்தச் சோதனையில் தேறுவதும் பிறகு தெரியவந்தது. ஓட்டிசத்தோடு வளர்ந்த டெம்பிள் கிராண்டின், தன் உள்ளனுபவத்தை 1986இலேயே புத்தகமாக எழுதியிருந்தார்.

2012இல் டேமியன் மில்டன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அவரும் ஓட்டிசம் உள்ளவர். அவர்களுக்கு நம்மை விளங்கவில்லை என்கிறோம். நமக்கு அவர்களை விளங்குகிறதா? விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார்.

பெற்றோரே, பாடசாலை மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும் பிள்ளை குழப்படி செய்யவில்லை. அவருக்கு அது தாங்க முடியாத சத்தம். எந்தச் சத்தம், எந்த உடுப்பு, எந்தச் சாப்பாடு ஒத்துவராது என்று வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். கலியாண வீட்டுக்கும் கூட்டி வாருங்கள், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உறவினர்களே, அந்தப் பிள்ளை முன்னால் அவரைப் பற்றிக் கதைக்கும்போது, அவருக்குக் கேட்கிறது என்பதை மறக்காதீர்கள்.