டயமான்டினா: போர்க்கப்பல் ஆய்வுக்கப்பல் ஆன வரலாறு

1945 செப்டம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் ஜப்பானியப் படை சரணடைந்தது. இந்தத் தேதி உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். மறுநாளே பசிபிக் பெருங்கடலில் நவுரு தீவின் ஜப்பானியப் படையும் ஒரு கப்பலின் தளத்தில் சரணடைந்ததே, அதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்தக் கப்பல்தான் ஆஸ்திரேலியக் கடற்படையின் 'டயமான்டினா'.

போர்க்காலம்

டயமான்டினா 'பிரிகேட்' வகைக் கப்பல். சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போய் நீர்மூழ்கிகளை விரட்டுவதற்காகக் கட்டப்பட்ட வகை இது. குயின்ஸ்லாந்தின் மேரிபரோ நகரில் கட்டப்பட்டு, 1945 ஏப்ரல் 27-இல் பணியில் சேர்ந்தது. பூகன்வில் தீவுப் பகுதியில் பணியாற்றியது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, போர் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 13-இல் நவுருவின் ஜப்பானியத் தளபதி சொயேடா இந்தக் கப்பலில்தான் பிரிகேடியர் ஸ்டீவன்சனிடம் சரணடைந்தார். அக்டோபர் 1-இல் பனாபா எனப்படும் ஓஷன் தீவின் சரணடைவும் இதிலேயே நடந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தேதியோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. நவுரு மக்களில் 1,200 பேரை ஜப்பானியர் 1943-இல் ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டனர். சரணடைவு நாளில் அவர்கள் ஊரிலேயே இல்லை. 1946 ஜனவரியில் திரும்பி வந்தவர்கள் 737 பேர்தான். ஓஷன் தீவில் நடந்தது இன்னும் கொடுமை. போர் முடிந்த செய்தி வந்த பிறகும் அங்கே மிஞ்சியிருந்த சுமார் 150 பேர் கொல்லப்பட்டனர். தப்பிய ஒருவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

ஆய்வுக்காலம்

1946-இல் ஓய்வுபெற்ற கப்பல், 1959 ஜூனில் கடல் ஆய்வுக்காக மீண்டும் பணிக்கு வந்தது. ஆழத்தை எப்படி அளப்பார்கள்? கப்பல் ஒலியை அனுப்பும்; அது கடற்தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. எதிரொலி 8 விநாடியில் வந்தால், போக 4, வர 4. அப்படியானால் ஆழம் 6,000 மீட்டர். கணக்கு அவ்வளவுதான்!

1960-இல் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கே ஒரு பெரும் பள்ளத்தை இக்கப்பல் கண்டறிந்தது. அதற்கு இதன் பெயரே வைக்கப்பட்டது. அந்தப் பகுதியில் 7,000 மீட்டரைத் தாண்டிய ஆழம் 2019-இல் அளக்கப்பட்டது. 2014-க்குப் பிறகு எம்.எச்.370 விமானத்தைத் தேடிய கடற்பரப்பிலும் டயமான்டினா சரிவு இருந்தது. அந்த ஆழமும் கரடுமுரடான கடற்தரையும் தேடலை எவ்வளவு கடினமாக்கின என்பதை நாம் மறக்க முடியுமா?

1980 பிப்ரவரி 29-இல் கப்பல் பணி நிறைவு பெற்றது. இப்போது பிரிஸ்பனில், 1881-இல் திறக்கப்பட்ட பழைய உலர்துறையில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது.

தேர்வுக்கு ஒரு குறிப்பு

மாணவர்களே, "சரணடைந்தனர்" என்று எழுதியதும் பேனாவை மூடிவிடாதீர்கள். யார் சரணடைந்தார்கள், அன்று அந்த ஊர் மக்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்களே, இந்தக் கப்பலின் இரண்டு காலங்களையும் கரும்பலகையில் ஒரு காலக்கோடாக வரையச் சொல்லுங்கள். போரில் சில மாதங்கள், ஆய்வில் 20 ஆண்டுகளுக்கு மேல் என்பது அவர்களுக்கே தெரியவரும்.