ஜாலான் அம்பாஸ்: படக்கருவிக்காக அமைந்த ஆட்டம்

திரைக்கென ஆக்கப்படும் நடனம், மேடையில் ஆடியதை அப்படியே பதிவுசெய்த படத்திலிருந்து வேறுபட்டது. படக்கருவி நிற்கும் இடம், ஒவ்வொரு ஷாட்டின் நீளம், பின்னர் நடக்கும் படத்தொகுப்பு ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கில் கொண்டு அமைக்கப்படுவது அது. இத்துறை ஆய்வாளர்கள் வழக்கமாக அமெரிக்காவில் மாயா டெரன் 1945இல் எடுத்த குறும்படத்திலிருந்து கதையைத் தொடங்குகின்றனர். ஆனால் சிங்கப்பூரில் இத்துறைக்கு வேண்டிய மூலப்பொருள், போருக்குப் பின் இங்கு எடுக்கப்பட்ட மலாய்ப் படங்களில் ஏராளமாகக் கிடக்கிறது. அவற்றில் கணிசமானவற்றை இயக்கியவர்கள் இந்தியர்கள் என்றபோதிலும், தமிழ் வாசகர்கள் அவற்றைத் தம் வரலாற்றின் பகுதியாகக் கருதுவது குறைவு.

அந்தப் படங்களில் வரும் ஆட்டத்தின் வேர்களுள் ஒன்று லிட்டில் இந்தியாவின் ஓரத்திலேயே இருந்தது. சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே, இன்று சிட்டி ஸ்கொயர் மால் நிற்கும் இடத்தில், 1923இல் திறக்கப்பட்ட நியூ வொர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில், பாட்டும் வசனமும் ஆட்டமும் கலந்த மலாய் இசைநாடகமான பங்சாவான் மேடையேறியது. அதே வளாகத்தில், சீட்டு வாங்கியவர்கள் ஆட்டக்காரிகளுடன் தொடாமல் எதிரெதிரே நின்று ஆடும் ஜோகெட் மேடையும் இருந்தது. இத்தகைய பூங்காக்களில் தேர்ந்த நடிகர்களும் ஆட்டக்காரர்களும், பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் படப்பிடிப்புத் தளத்துக்குச் சென்று சேர்ந்தனர்.

தளத்தின் மறுபக்கத்தில் நின்ற இயக்குநர்கள், சென்னை, கல்கத்தா, பம்பாய்த் தளங்களின் பழக்கத்தோடு வந்தவர்கள். 1933இல் 'லைலா மஜ்னூன்' என்ற முதல் மலாய்ப் படத்தை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹன்ஸ் 1940களின் இறுதியிலும் தொடர்ந்தார். அவரைப் பின்பற்றி எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், கேரளத்தவரான பி. என். ராவ், வங்காளத்தவரான ஃபணி மஜும்தார் ஆகியோர் வந்தனர். சென்னையில் பிறந்து சிறுவயதில் மலாயாவுக்கு வந்த கிருஷ்ணன், சென்னையில் கே. சுப்பிரமணியத்திடம் திரைத்தொழில் பயின்றவர்; பாடகரும் நடிகருமான பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) அவர் இயக்கியதே. பாட்டும் ஆட்டமும் இன்றிப் படம் இல்லை என்ற எண்ணம் பங்சாவானிலும் இருந்தது, சென்னையிலும் இருந்தது. ஆகவே எது எங்கிருந்து வந்தது என்று கூறுபோடுவது வீண்வேலை.

பிரித்தறிய வேண்டியது வேறொன்று: பின்னணிப் பாடல். பங்சாவான் நடிகை பாடிக்கொண்டே ஆட வேண்டும் என்பதால் அவளது ஆட்டத்துக்கு மூச்சே எல்லையாக இருந்தது. 1948இல் வெளிவந்த 'சிந்தா'வில் நாயகன் ரூமாய் நூருக்காக ரம்லி குரல் கொடுத்தார். இவ்வாறு குரல் ஓர் உடலிலும் அசைவு மற்றோர் உடலிலுமாகப் பிரிந்தபின், முன்னரே பதிவான பாட்டு தளத்தில் ஒலிபெருக்கி வழியே ஒலிக்க, ஆடுபவர் வாயசைத்தபடி இரண்டு அடிகளுக்கு ஆடி நிற்பார். விளக்குகளும் படக்கருவியும் இடம் மாறியபின், கை எந்த நிலையில் நின்றதோ அதே நிலையிலிருந்து அடுத்த அடி தொடங்கும். ஆயிரம் அடிப் படச்சுருள் சுமார் 11 நிமிடம் ஓடும் என்றாலும், நடனக் காட்சியில் ஒரு ஷாட் சில நொடிகளிலேயே முடிவது உண்டு. மேடையில் ஒரே திசையை நோக்கி நின்ற நடனத்துக்கு இங்கே முன்பக்கம் ஷாட்டுக்கு ஷாட் மாறியது. கண்ணசைவுக்கு அண்மைக் காட்சி, வரிசையாட்டத்துக்கு உயரத்திலிருந்து ஒரு பார்வை எனத் தேர்ந்தெடுத்த நடன ஆசிரியர், பாதி படத்தொகுப்பாளராகவே மாறினார். சென்னை ஜெமினி தளத்தில் உதய சங்கர் 'கல்பனா'வையும், எஸ். எஸ். வாசன் முரசு நடனத்துக்குப் புகழ்பெற்ற 'சந்திரலேகா'வையும் எடுத்து இரண்டும் 1948இலேயே வெளியானமையால், இது ஒரு தளத்தின் கண்டுபிடிப்பு அன்று, ஒரு காலத்தின் தொழில்முறை என்பது தெளிவாகும்.

அப்படங்களின் ஆட்டம் கலப்பானது. 'பெனாரெக் பெச்சா' (1955) படத்தில் இனாங் என்னும் மலாய்க் கூத்தாட்டத்தின் புதுவடிவம் வருகிறது. 'தீகா அப்துல்' (1964) படத்தில் கிதார் ஒலிக்கு ட்விஸ்ட் ஆடுகின்றனர். மஜும்தார் வண்ணத்தில் எடுத்த 'ஹங் துவா' (1956) போன்ற சரித்திரப் படங்களின் அரண்மனை, மலாக்காவின் அரண்மனையாக இருப்பதைவிட இந்தியத் திரையின் அரண்மனையாகவே பல இடங்களில் தோன்றுவதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. திரை நடனம் தனக்கென ஓர் அரண்மனையைக் கட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம்.

இதே ஆண்டுகளில் மேடை நடனம் தனி வழியில் சென்றது. கே. பி. பாஸ்கர் 1952இல் சிங்கப்பூரில் நடனப் பள்ளியைத் தொடங்கினார். 1955இல் வந்து சேர்ந்த சாந்தா பாஸ்கர், 1958இல் லியாங்–ஜூ என்னும் சீனக் காதல் கதையைப் பரதநாட்டிய நாடகமாக்கினார். திரைத்தொழிலோ தளர்ந்தது: 1963இல் தொலைக்காட்சி வந்தது. ஜாலான் அம்பாஸ் தளம் 1967இல் மூடப்பட்டது. போட்டி நிறுவனமான கேத்தே–கிரிஸும் 1970களின் தொடக்கத்தில் படத்தயாரிப்பை நிறுத்தியது. அதன்பின் 'ப்ரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகிய தமிழ்ப் படங்களுக்குச் சிங்கப்பூர் நகரமே அரங்கமாயிற்று. ஆட்டத்தை ஆக்கும் தொழிலோ சென்னையிலேயே தங்கிவிட்டது.

ஆய்வுக்குச் சான்று படச்சுருளே என்பதால், சுருள் அழிந்தால் நடனமும் அழிகிறது. பி. என். ராவின் 'பொந்தியானாக்' (1957) இன்று கிடைப்பதில்லை. எஞ்சியவற்றுள் கேத்தே–கிரிஸின் 91 படங்கள் 2005இல் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அத்தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. இயக்குநர், இசையமைப்பாளர், பாடகர் பற்றி எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட, நடிகையாகவும் நடனம் அமைப்பவராகவும் உழைத்த நோர்மாடியா போன்றவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. இன்று சிங்கப்பூரில் நடனப்படம் பயிலும் இளைஞர்களும், தமிழ்த் திரைப்பாட்டுக்கு ஆட்டம் கற்பிப்போரும் இப்படங்களை ஷாட் ஷாட்டாகப் பார்த்து, ஒவ்வொரு நடனத்துக்கும் அதை அமைத்தவரின் பெயரைப் பட்டியலில் சேர்க்கும் வேலையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.