வெயிலில் மந்தையோடு போகும் நாய்களுக்கு ஈரத்துணிச் சட்டை

சித்திரை, வைகாசி மாதங்களில் தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பகுதிகளில் கரிசல் காடுகள் வெறுமையாகக் கிடக்கும். நிழல் குறைவான இந்தக் காடுகளில் ஆட்டு மந்தையோடு நாள் முழுக்க நடக்கும் நாய்க்கு வெப்பத் தாக்கு எளிதில் வரும். ஆள் களைத்தால் உட்கார்ந்து விடுவார். மந்தை நகரும் வரை நாய் உட்காராது. அதை நிறுத்தி நிழலில் கட்டுவது வளர்ப்பவரின் பொறுப்பு.

நாயின் உடல் எப்படிக் குளிர்கிறது?

நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. 106 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

ஈரச்சட்டை தயாரித்தல்

'கூலிங் வெஸ்ட்' என்ற பெயரில் விற்கும் சட்டைகளில் பெரும்பாலானவை ஈரம் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியில்தான் வேலை செய்கின்றன. பழைய பருத்தி வேட்டியே இதற்குப் போதும்.

* வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியை ஒற்றை மடிப்பாக எடுத்துக்கொள்ளவும்.
* முதுகு, நெஞ்சு, வயிறு மூடும்படி கட்டவும். கால்கள் தடையின்றி அசைய வேண்டும். துணிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும்.
* முதலில் நாயின் முடியைத் தோல் வரை நனைக்கவும். பிறகு துணியை நனைத்து, லேசாகப் பிழிந்து கட்டவும்.
* 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, காய்வதற்குள் மீண்டும் நனைக்கவும்.

கவனிக்க வேண்டியவை

காய்ந்த சட்டை குளிர்விக்காது. உடல் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். கனமான துண்டு, சாக்கு ஆகியவற்றைப் போர்த்தக் கூடாது. வறண்ட காற்றில் ஈரச்சட்டை நன்றாக உதவும். புழுக்கமான நாட்களிலும், காற்றில்லாத அறையிலும், மூடிய வண்டியிலும் அதன் பலன் குறைவு.

கழுத்தில் கட்டும் ஈரத்துணி துணைக்கு மட்டுமே. வாயை இறுக்கிக் கட்டும் மூடியை வெயிலில் போடவே கூடாது. நாயால் மூச்சிரைக்க முடியாமல் போகும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை 5 விநாடி வைக்க முடியாவிட்டால், நாயை அதில் நடத்த வேண்டாம். வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களுக்கு மூக்கு, காது ஓரங்களில் வெயில் புண் வரலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களைச் சட்டை போட்டாலும் வெயிலில் அழைத்துச் செல்லக் கூடாது.

எந்தச் சட்டையும் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஈடாகாது. சாதாரண நாளிலேயே ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 50 முதல் 60 மி.லி. தண்ணீர் தேவை. 20 கிலோ நாய்க்கு இது ஒரு லிட்டருக்கு மேல். வெயிலில் நடக்கும் நாளில் இன்னும் கூடுதலாகக் கொண்டு செல்லவும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நாய்க்கு ஓய்வு கொடுப்பது நல்லது.

வெப்பத் தாக்கின் அறிகுறிகளும் முதலுதவியும்

ஓயாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி, இரத்தக் கழிச்சல், வலிப்பு ஆகியவை அறிகுறிகள்.

1. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சட்டை, கழுத்துப்பட்டை அனைத்தையும் கழற்றவும்.
2. உடல் முழுவதும், குறிப்பாக வயிறு, தொடை இடுக்கில், சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறவும்.
3. வெப்பநிலை 103 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவும். இல்லையெனில் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.
4. தானாகக் குடித்தால் மட்டும் தண்ணீர் கொடுக்கவும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் போன்ற காய்ச்சல் மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது.
5. குளிர்வித்த பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும். அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

எழுந்து நடந்துவிட்டது என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் கோளாறும் ஓரிரு நாள் கழித்துக்கூட வெளிப்படலாம்.