பகுதி அழுத்தம்: காகிதக் கணக்கா, மெய்யான அழுத்தமா?

மேல்நிலைப் பள்ளி வேதியியலில் பகுதி அழுத்தம் ஒரு பெருக்கல் கணக்காகவே அறிமுகமாகிறது. கலவையின் மொத்த அழுத்தத்தை வாயுவின் மோல் பின்னத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். தேர்வுக்கு இது போதும். ஆனால் இப்படிக் கற்றவர், மொத்த அழுத்தத்தை நம் வசதிக்காகக் காகிதத்தில் பங்கு போடுகிறோம், அவ்வளவே என்று எண்ணிவிட இடமுண்டு. அழுத்தமானி மொத்தத்தை மட்டும்தானே காட்டுகிறது? இந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். கலவையில் ஒவ்வொரு வாயுவும் எங்கே நகரும், எவ்வளவு கரையும், எப்போது ஓயும் என்பதை அதன் பகுதி அழுத்தம் முடிவு செய்கிறது. மோல் பின்னப் பெருக்கல் அந்த அளவை அறியும் ஒரு வழி. அதுவும் எல்லா நிலைகளிலும் செல்லாத வழி.

நேரடியான சான்று 1894-இல் வில்லியம் ராம்சே செய்த சோதனை. சூடேறிய பல்லேடியம் ஹைட்ரஜனை ஊடுருவ விடும், நைட்ரஜனை விடாது. பல்லேடியக் கலத்துக்குள் நைட்ரஜனை அடைத்து, வெளியே ஹைட்ரஜனைச் சூழவிட்டார் ராம்சே. உள்ளிருந்த நைட்ரஜனின் அழுத்தம் ஹைட்ரஜனுக்குத் தடையாக இருக்கவில்லை. அது உள்ளே புகுந்துகொண்டே இருந்தது. கலத்தின் அழுத்தம் வெளி அழுத்தத்தைத் தாண்டி ஏறியது. அந்த ஏற்றம் ஏறக்குறைய வெளியிலிருந்த ஹைட்ரஜனின் அழுத்தத்துக்கே ஈடாக நின்றது. இருபுறமும் சமமானது மொத்த அழுத்தமன்று, ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம். வெறும் பங்கீடு இப்படி ஒரு கலத்தின் அழுத்தத்தை உயர்த்திக் காட்டாது.

மான்செஸ்டரில் ஜான் டால்டன் 1801-இல் இவ்விதியை முன்வைத்தது வானிலை ஆய்வின் வழியாக என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. காற்றில் நீராவி எப்படித் தங்குகிறது என்பதே அவரைப் பிடித்தாட்டிய கேள்வி. ஒரு வெப்பநிலையில் நீர் தரும் ஆவி அழுத்தம், வெற்றிடத்திலும் உலர்ந்த காற்றிலும் ஒன்றே என்று கண்டார். ஒரே வகைத் துகள்கள் மட்டுமே ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று அதற்கு அவர் சொன்ன காரணம் நிலைக்கவில்லை. இயக்கவியல் கொள்கை அதை அகற்றியது. விதி நின்றது. அவருடைய நண்பர் வில்லியம் ஹென்றி வகுத்த கரைதிறன் விதியும் கலவைகளுக்குப் பொருந்துவது பகுதி அழுத்தத்தின் துணையோடுதான்.

நீராவியின் இந்தப் பிடிவாதத்தை நம் நுரையீரலில் பார்க்கலாம். உள்ளிழுத்த காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகி, உடல் வெப்பமான 37 டிகிரியை அடைகிறது. அங்கே நீராவியின் பகுதி அழுத்தம் 47 மி.மீ. பாதரசம், கடற்கரையானாலும் மலையுச்சியானாலும் இதில் மாற்றமில்லை. மாறுவது விழுக்காடுதான். கடல் மட்டத்தின் 760 மி.மீ. அழுத்தத்தில் அது 6 விழுக்காடு. எவரெஸ்ட் உச்சியில் 1981-இல் மருத்துவர் கிறிஸ்டோபர் பிஸ்ஸோ அளந்த காற்றழுத்தம் 253 மி.மீ.; அங்கே அதே 47 மி.மீ. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உச்சியிலும் உலர்காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடுதான், கடற்கரையில் உள்ளது போலவே. 253-இல் 47-ஐக் கழித்து 0.209-ஆல் பெருக்கினால் 43 மி.மீ. கிடைக்கிறது. கடல் மட்டத்தில் இதே கணக்கு தருவது 149.

இந்த 43-இலிருந்தும் நுண்ணறைகளில் கார்பன் டை ஆக்ஸைடுக்கு இடம் விட வேண்டும். அது வழக்கமான 40-இல் நின்றால் ஆக்சிஜனுக்கு ஏதும் மிஞ்சாது. ஏறுபவர் மிக வேகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றியாக வேண்டும். பிஸ்ஸோ உச்சியில் சேகரித்த தம் மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு 7.5 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்திருந்தது, ஆக்சிஜன் 35-ஐ ஒட்டி நின்றது. 1978-இல் மலையேறிகள் மெஸ்னரும் ஹேபலரும் ஆக்சிஜன் உருளையின்றி உச்சியை எட்ட முடிந்தது இந்த மெல்லிய மிச்சத்தால்தான். இதை விழுக்காட்டில் விளக்க முயன்றவர் எவரும் ஓரடிகூட நகர முடியாது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் உயரத்தில் வெளியழுத்தமே 47 மி.மீ.தான். அங்கே முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தாலும் நுரையீரலில் அதற்கு இடமில்லை.

உடலளவில் இதை முதலில் நிறுவியவர் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர். அழுத்தத்தையும் ஆக்சிஜன் விகிதத்தையும் தனித்தனியே மாற்றி விலங்குகளைச் சோதித்தார். எந்த வழியில் குறைத்தாலும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தமே உயிரைத் தீர்மானித்தது. 1878-இல் வெளியான அவர் நூலின் மையம் இதுவே. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1875 ஏப்ரல் 15 அன்று, செனித் பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் சென்ற மூவரில் குரோசே-ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்தனர். ஆக்சிஜன் பைகள் அருகிலேயே இருந்தன. அவற்றை வாய்க்கு எடுத்துச்செல்லும் வலு கைகளில் இல்லாமற்போனது. நம் பாடநூல்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய நிகழ்வு இது.

என் வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சர்வதேச வேதியியல் ஒன்றியமே மோல் பின்னப் பெருக்கலைத்தான் வரையறையாகக் கொள்கிறது. தாழ்ந்த அழுத்தங்களில் பெருக்கி வரும் எண்ணும் மெய்யான அழுத்தமும் ஒன்றே என்பதால் சிக்கலும் எழுவதில்லை. ஆனால் அம்மோனியா ஆலையில் வாயுக்கள் 200 வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கப்படும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பொருட்படுத்தத் தொடங்குகின்றன. பெருக்கி வரும் எண்ணும், வாயு உண்மையில் செலுத்தும் உந்துதலும் அங்கே பிரிந்துவிடுகின்றன. கில்பர்ட் லூயிஸ் 1901-இல் ஃபியூகாசிட்டி என்ற அளவைக் கொண்டுவந்தது இந்த இடைவெளிக்காகவே. அத்தகைய அழுத்தத்தில் வினை எந்தச் சமநிலையில் நிற்கும் என்று கணிக்கும் பொறியாளர், பெருக்கி வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. லூயிஸின் அளவுக்கு மாற்றிய பிறகே சமன்பாட்டில் இடுகிறார்.