ஊர் அமைதியும் ஓட்டுப் பெட்டியும்

ஜனநாயகம் ஒரு சமூகத்துக்கு ஸ்திரத்தன்மையைத் தருமா என்கிற கேள்வியை அரசியல் அறிஞர்கள் எப்போதும் தேசம், அரசாங்கம் என்கிற மட்டத்தில் வைத்தே கேட்டு வந்திருக்கிறார்கள். நிறுவனங்கள் வலுப்படுவதற்கு முன்பே மக்கள் அரசியலுக்குள் திரண்டு வந்தால் ஒழுங்கு குலையும் என்று 1968இல் சாமுவேல் ஹண்டிங்டன் எழுதினார். 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் மத்திய அரசு கவிழ்ந்தபோது 'நிலையான ஆட்சி' பற்றி நம் பத்திரிகைகள் புலம்பிய புலம்பல் கொஞ்சமல்ல. ஆட்சி கவிழ்ந்தது சரி. அன்றைக்கும் டீக்கடையில் தனிக் குவளை தனிக் குவளையாகத்தான் இருந்தது. ஆகவே இந்தக் கேள்வியை தில்லியிலிருந்து இறக்கி, மேலூர் வட்டத்து மேலவளவுக்குக் கொண்டுபோக விரும்புகிறேன்.

தமிழகத்தில் 1986க்குப் பிறகு பத்தாண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே இல்லை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகு, 1996இல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு நாற்காலிதானே என்று தோன்றலாம். ஆனால் தலைவர் கையெழுத்தில்தான் கண்மாய் மீன் குத்தகையும் மர ஏலமும் அடங்கியிருக்கின்றன. ஊர்ப் பொதுச்சொத்து என்று பெயர். அனுபவித்ததோ ஆதிக்கச் சாதி. வேட்புமனுக்கள் மிரட்டித் திரும்பப் பெறவைக்கப்பட்டன. தலித்துகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. மறுபடி தேர்தல் வைத்தபோது ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கான நிவாரணம் பற்றி மதுரையில் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பியவரை வழிமறித்து வெட்டினார்கள். அவரோடு மேலும் ஐந்து பேர். அவர் தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள்.

தேர்தல் பாதை வெறும் ஏமாற்று என்று சொல்லும் தோழர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வெறும் ஏமாற்றுதான் என்றால், ஒரு பஞ்சாயத்து நாற்காலிக்காக ஆறு பேரை ஏன் வெட்டினார்கள்? ஓட்டின் மதிப்பு நமக்குத் தெரியாவிட்டாலும் வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

'எலெக்‌ஷன் வர்றதுக்கு முன்னாடி ஊரு அமைதியா இருந்துச்சு' என்பது இதுபோன்ற ஊர்கள் எல்லாவற்றிலும் கேட்கிற வாக்கியம். அது பொய்யில்லை. அமைதியாகத்தான் இருந்தது. பறைக்கும் பிணம் தூக்கவும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்வரை அரிவாளுக்கு வேலையில்லை. வன்முறை இல்லாததல்ல அந்த அமைதி. வன்முறை தன்னைக் காட்டிக்கொள்ளத் தேவையே இல்லாமல் போன நிலை. அரசும் இதே மொழியைத்தான் பேசுகிறது. வீடு எரிந்த பிறகு தாசில்தார் கூட்டுவதற்குப் பெயர் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. எரித்தவரும் எரிக்கப்பட்டவரும் எதிரெதிர் பெஞ்சில் சரிசமமான இரு 'தரப்பு'! சட்டம் ஒழுங்கு என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். மேலவளவில் சட்டம் ஒதுக்கீடு கொடுத்தது, ஒழுங்கு வெட்டியது.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் அசமத்துவமும் நீடித்தால், பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். வெடிப்பு கீழேயிருந்து வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் மேலவளவில் பாதிக்கப்பட்டவர்கள் மனு எழுதினார்கள், ஓட்டுப் போட்டார்கள், பேருந்தில் ஆட்சியர் அலுவலகம் போனார்கள். தகர்த்தது மேலே இருந்தவர்கள். ஜனநாயகம் நிலைகுலைவைத் தருகிறது என்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் கதை வேறு மாதிரி நடந்தது. அங்கே ஜனநாயகத்தைத் தடுத்ததோடு நிற்கவில்லை, பழக்கியும் வைத்தார்கள். வேட்புமனுவே இல்லாமல் தேர்தல் நின்றுபோகும். இல்லையென்றால், தங்கள் காட்டில் கூலிக்கு நிற்கிற தலித் ஒருவரைத் தாங்களே நிறுத்தி ஜெயிக்கவைப்பார்கள். பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா. தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் எல்லாம் முறைப்படி. 1996இலிருந்து 2006 வரை இது நடந்தது. இதைச் செய்த பிரமலைக் கள்ளர்களின் முன்னோர்தான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்து, 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள். அன்றைக்கு வெள்ளைக்காரன் பார்வையில் ஒழுங்குக்கு ஆபத்தானவர்கள் அவர்கள். முக்கால் நூற்றாண்டுக்குள் அவர்கள் வாரிசுகள் ஊர் ஒழுங்கின் காவலர்களாகிவிட்டார்கள். சாதிக்கு ஞாபகசக்தி ரொம்பக் குறைவு.

2006 அக்டோபரில் அந்த ஊர்களில் தேர்தல் நடந்தது, யாரும் ராஜினாமா செய்யவில்லை. இயக்கங்கள் பல ஆண்டு போராடின. மாவட்ட நிர்வாகமும் அந்தமுறை உறுதியாக நின்றது. ரத்தக் களறியாகும் என்று பயமுறுத்தியிருந்தார்கள், ஆகவில்லை. பத்து வருஷமாக 'சமூகப் பதற்றம்' என்று கோப்புகளில் எழுதிவந்ததில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சாக்கு என்பதை அந்த ஒரே தேர்தல் அம்பலப்படுத்தியது என்பேன்.

ஆனாலும் இப்போது வந்திருக்கிற ஸ்திரத்தன்மையை நான் முழுசாக நம்பவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. ஊராட்சிக் கூட்டம். உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில். அரிவாள் இல்லை, எரிந்த கூரை இல்லை, ராஜினாமாவும் இல்லை. கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது.