வானிலையைச் சேமித்தோரும் எதிர்வுகூறியோரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து எதனையும் சேகரித்து அடுக்கி வைப்பதிற் பெருவிருப்புக் கொண்டிருந்தது. தாவரம், வண்ணத்துப்பூச்சி, தொல்லுயிர் எச்சம் ஆகியவற்றோடு வானிலையும் அவ்வடுக்குகளிற் சேர்ந்தமையில் வியப்பில்லை. 1854ஆம் ஆண்டிற் பிரித்தானிய வர்த்தகச் சபையின்கீழ் வளிமண்டலவியற் பிரிவொன்று நிறுவப்பட்டபோது, கப்பற்றலைவர்களுக்குப் பாரமானியும் வெப்பமானியும் வழங்குதல், அவர்கள் எழுதிக்கொணரும் குறிப்புக்களைக் கடற்பகுதிவாரியாகத் தொகுத்தல், அத்தொகுப்பின் துணைகொண்டு பயணக் காலத்தைக் குறைத்தல் என்பனவே அதற்கு விதிக்கப்பட்ட பணிகள். நாளைய வானிலை யாதென அதனிடம் எவரும் கேட்கவில்லை.

அப்பிரிவின் தலைவர் றொபேட் பிற்ஸ்றோய், டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலை நடத்தியவர். 1859 ஒக்ரோபரில் வேல்சின் அங்கிள்சீத் தீவுக் கரையில் றோயல் சாட்டர் என்னும் கப்பல் புயலில் உடைந்து ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். இத்தகைய புயலை முன்னறிந்து உரைத்தல் இயலும் என்பது அவர் துணிபு. தந்தி புயலினும் விரைந்து செல்வதன்றோ? கரையோர நிலையங்களின் அவதானிப்புக்கள் காலைதோறும் இலண்டனுக்கு வரலாயின. 1861 பெப்ரவரியிற் புயலெச்சரிக்கை தொடங்கிற்று. துறைமுகக் கம்பங்களிற் கூம்பும் உருளையும் ஏற்றப்பட்டன. ஓகஸ்டில் ரைம்ஸ் பத்திரிகையில் முதலாவது எதிர்வுகூறல் வெளிவந்தது. இது தீர்க்கதரிசனமன்று என அவர் வற்புறுத்தியும், பிழைத்த நாட்களில் ஏளனமே மிஞ்சியது. 1865 ஏப்ரல் 30ஆந் திகதி அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு பிரான்சிஸ் கால்ற்றன் தலைமையிலான விசாரணைக் குழு, எதிர்வுகூறலுக்கு அறிவியல் அடிப்படை போதாதெனவும், சேகரிப்புப் பணி புறக்கணிக்கப்பட்டதெனவும் குறைகூறியது. இக்குற்றச்சாட்டு முற்றிலும் நியாயமற்றதன்று. பிற்ஸ்றோய் தம் முறையைத் தெளிவான விதிகளாக வகுத்துத் தரவில்லை. ஆயினும், அன்றிரவு கடலுக்குச் செல்லும் மீனவனுக்குப் பத்தாண்டுச் சராசரியாற் பயன் யாது? 1866 டிசம்பரில் எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டபோது துறைமுகங்களிலிருந்து எதிர்ப்பெழுந்தது. மறு ஆண்டே அவை மீண்டன.

கால்ற்றன் 1875 ஏப்ரல் 1ஆந் திகதி ரைம்சில் ஒரு வானிலைப் படத்தை வெளியிட்டார். அப்படம் காட்டியது முந்திய நாளின் வானிலையை. பொதுமக்களுக்கான எதிர்வுகூறல் திரும்பவும் தொடங்க 1879 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.