எழுத்தறியா மக்களின் மட்கலங்கள்

எழுத்தில்லா மக்களுக்கு வரலாறு உண்டோ? தென்னமெரிக்காவின் பெரு நாட்டு வடகரையில், கி. பி. முதலாம் நூற்றாண்டு தொட்டு எட்டாம் நூற்றாண்டளவும் வாழ்ந்த மோச்சே மக்கள் எழுத்தறியார். ஆயினும், வெளிர்மஞ்சட் பூச்சின்மேற் செந்நிறக் கோடுகளால் மட்கலங்களிலே தம் வாழ்வைத் தீட்டினர். இரபாயேல் லார்க்கோ 1926இல் நிறுவிய, இன்று லீமா நகரிலுள்ள நூதனசாலை அத்தகைய கலங்கள் பலவற்றைப் பேணுகின்றது. சிறைப்பட்டோரைப் பலியிட்டு, அவர்தம் குருதியைக் கிண்ணத்திலேந்தித் தலைவனுக்கு அளிக்குங் காட்சி மோச்சே ஓவியங்கள் சிலவற்றிற் காணப்படும். அது வெறும் புராணக் கற்பனையோ என்னும் ஐயம் இருந்தது.

1987இல் சிப்பான் என்னுமிடத்தில் வால்ற்றர் அல்வா அகழ்ந்த கல்லறையிலே, அவ்வோவியத் தலைவனுக்குரிய பிறைவடிவ முடியும் அணிகளும் ஒருவனுடைய எலும்புகளோடு கிடைத்தன. அச்சடங்கு மெய்யாகவே நிகழ்ந்ததென ஆய்வாளர் தெளிந்தனர். அதே மேட்டின் மற்றொரு கல்லறையையோ கொள்ளையர் முன்னரே சூறையாடியிருந்தனர். அங்கிருந்து சிதறிய பொருள்கள் அழகுடையனவேனும், யாருடன் புதைக்கப்பட்டன என்னுஞ் செய்தியை இழந்துவிட்டன.